ரோமானியக் கண்ணாடியைப் பார்த்து அறிவது எப்படி? நம் வீட்டுப் பொருள்களோடு ஒப்பிடும் முழுமையான வழிகாட்டி

கி.பி. முதல் நூற்றாண்டில் செய்த, வெளியே தடித்த வரிகள் ஓடும் ரோமானிய வரிக் கிண்ணம் ஒன்றைப் பாத்திரக்கடை அலமாரியில் வைத்தால், கடைக்கு வருகிறவர்கள் அதை எடுத்துப் பார்த்து விலை கேட்பார்கள். அருங்காட்சியகத்தில் அதே கிண்ணத்தின் முன்னால் நிற்பவர்களும் "நம்ம வீட்ல இருக்கிற மாதிரியே இருக்கே" என்றுதான் சொல்கிறார்கள். அந்த வியப்பு நியாயமானது. ஆனால் அதோடு நகர்ந்துவிட்டால் பெரிய இழப்பு, ஏனென்றால் அந்த ஒற்றுமை எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவையான பகுதி.

ஒற்றுமைக்குப் பொதுவாக மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். உருகிய கண்ணாடி என்றும் ஒரே மாதிரி நடந்துகொள்வதால் வந்த ஒற்றுமை ஒன்று. தேவை மாறாததால் வந்தது இன்னொன்று. பிற்காலத்தவர் பழையதைப் பார்த்துச் செய்த நகல் மூன்றாவது. கண்ணில் படும் ஒவ்வொரு பொருளையும் இதில் எந்த வகை என்று கேட்டுப் பழகுவதற்கே இந்த வழிகாட்டி.

தேவையானவை அதிகமில்லை. லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், நியூயார்க் மாநிலத்திலேயே உள்ள கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகம் ஆகியவை தங்கள் சேகரிப்பைப் படங்களோடு இணையத்தில் வைத்திருக்கின்றன. உங்கள் பக்கம் ஒரு கண்ணாடி தம்ளர், ஒரு ஜாம் பாட்டில், ஒரு டார்ச். ஊசி மருந்து ஆம்பியூல் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. அதை உடைக்காமல் வைத்திருங்கள்.

படி 1: முதலில் ஊதுகுழாயைப் புரிந்துகொள்ளுங்கள்

கண்ணாடி ரோமானியர் கண்டுபிடிப்பல்ல. அவர்களுக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மெசொப்பொத்தாமியாவிலும் எகிப்திலும் கண்ணாடிக் குப்பிகள் இருந்தன. கம்பி முனையில் களிமண் கலவையால் ஒரு கரு பிடித்து, அதன்மேல் சூடான கண்ணாடியைச் சுற்றி, ஆறியபின் கருவைச் சுரண்டி எடுப்பார்கள். ஒரு சின்ன வாசனைக் குப்பிக்கே அவ்வளவு வேலை. அதனால் அது செல்வந்தர் பொருளாகவே இருந்தது.

கி.மு. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இன்றைய இஸ்ரேல், லெபனான், சிரியா பகுதியில் யாரோ ஊதிப் பார்த்தார்கள். எருசலேம் பழைய நகரத்தின் யூதக் குடியிருப்புப் பகுதி அகழாய்வில் அந்தத் தொடக்கத்தின் கழிவுகள் கிடைத்தன: ஒரு முனையை மூடி, மறுமுனையில் ஊதிப் பெருக்கிய கண்ணாடிக் குழல்கள். உலோக ஊதுகுழாய் அதற்குப் பின்னர்தான் வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் விலை சரிந்தது. ரோமில் ஒரு செப்புக் காசுக்குக் கண்ணாடிக் கோப்பை வாங்கலாம் என்று அகஸ்டஸ் காலத்துப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார்.

இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. குழாய் முனையில் ஒட்டிய கண்ணாடிக்குள் காற்றை ஊதினால் அது உருண்டையாகத்தான் விரியும். கீழ்நோக்கிப் பிடித்தால் தன் எடையால் நீளும். குழாயோடு ஒட்டிய இடம் குறுகிக் கழுத்தாகும். உருண்டை வயிறும் ஒடுங்கிய கழுத்தும் கொண்ட ரோமானியக் குடுவை, பள்ளி வேதியியல் ஆய்வகத்தின் உருண்டை அடிக் குடுவையை அப்படியே ஒத்திருப்பது இதனால்தான். யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. நீண்ட குழல் போன்ற வாசனைத் தைலக் குப்பிகளும் சோதனைக் குழாயும் ஒரே மாதிரி இருப்பதற்கும் இதே விளக்கம் போதும்.

படி 2: நிறத்தைப் பாருங்கள்

ரோமானிய அன்றாடக் கண்ணாடியின் நிறம் வெளிர் நீலப்பச்சை. யாரும் நிறம் சேர்த்து வந்ததல்ல. மணலில் இயல்பாகவே இருக்கும் இரும்பு தந்த நிறம். உங்கள் ஜன்னல் கண்ணாடித் துண்டை முகப்பாகப் பார்க்காமல் வெட்டு விளிம்புப் பக்கமாகப் பாருங்கள். அதே பச்சை தெரியும், காரணமும் அதே இரும்பு.

நிறமற்ற கண்ணாடி வேண்டுமென்றால் ஆன்டிமனி அல்லது மாங்கனீசு சேர்த்து இரும்பின் நிறத்தை அடக்குவார்கள். பாறைப் படிகம் போல் தெளிந்த கண்ணாடிக்கே மதிப்பு அதிகம் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்கிறார். விலையிலும் இது தெரியும். பேரரசர் டயோக்ளீசியன் கி.பி. 301-இல் விதித்த உச்சவிலைப் பட்டியலில் அலெக்சாந்திரியக் கண்ணாடி ஒரு பவுண்டு எடைக்கு 24 டினாரி (ரோமானியக் காசு), பச்சையோடிய யூதேயக் கண்ணாடி 13 டினாரி. ஜன்னல் கண்ணாடிக்குத் தனி விலை: முதல் தரம் 8, இரண்டாம் தரம் 6. தரம் பிரித்து எடைக்கு விற்கிற சரக்காகக் கண்ணாடி மாறிவிட்டதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

அடர் நீலம், தேன் நிறம், ஊதா, வெள்ளை என்று வேண்டுமென்றே நிறமூட்டியவை முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதிகம். பிறகு மோகம் நிறமற்றதன் பக்கம் திரும்பியது.

படி 3: கவிழ்த்து அடியைப் பாருங்கள்

பலர் தவறவிடும் இடம் இது. ஒரு கண்ணாடிப் பாத்திரத்தின் வரலாறு அதன் அடியில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

நடுவில் கரடுமுரடான வட்ட வடு இருந்தால் அது பான்டில் தழும்பு. வாய்ப்பகுதியை மறுபடி சூடாக்கி வடிவமைக்கும்போது பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ள, அடியில் ஒரு இரும்புக் கம்பியைச் சூடான கண்ணாடியால் ஒட்டுவார்கள். வேலை முடிந்ததும் தட்டி விடுவிப்பார்கள், வடு நிற்கும். முதல் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இதைப் பார்க்கலாம். இன்றும் கையால் ஊதும் பட்டறைகளில் இதே தழும்பு விழுகிறது, சிலர் தேய்த்து மறைக்கிறார்கள்.

அடியில் ஒன்றுக்குள் ஒன்றாக மேடான வட்டங்கள் இருந்தால் அச்சுக்குள் ஊதியது. சிலவற்றில் எழுத்துகளும் இருக்கும். இப்போது உங்கள் ஜாம் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள்: எண், சின்னம், அச்சுக் குறி.

பக்கவாட்டில் அச்சுத் தையல் கோட்டையும் தேடுங்கள். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துண்டுகளாலான அச்சு சேரும் இடத்தில் மெல்லிய மேட்டுக்கோடு விழும். நல்ல ரோமானியக் கைவினைஞர்கள் அதைப் பூவேலைக்குள்ளோ தூண் உருவத்துக்குள்ளோ ஒளித்துவிடுவார்கள். இன்றைய இயந்திர பாட்டிலில் அந்தக் கோடு வாயின் உதடு வரை ஏறிப்போகும். மைக்கேல் ஓவன்ஸ் 1903-இல் தானியங்கி பாட்டில் இயந்திரத்தை ஓட்டிக் காட்டியபின் பரவிய அடையாளம் இது. ரோமானிய பாட்டிலின் வாய் கையால் மடித்து முடித்தது, கோடு கழுத்துக்குக் கீழேயே நின்றுவிடும்.

படி 4: விளிம்பையும் உட்பக்கத்தையும் தொட்டுப் பார்ப்பதுபோல் பாருங்கள்

விளிம்பு வழவழவென்று உருண்டிருந்தால் நெருப்பில் காட்டி முடித்தது. வெளிப்பக்கமோ உட்பக்கமோ மடித்திருந்தால், வாய் உடையாமலிருக்கச் செய்த வேலை. ஊதுகுழாயிலிருந்து வெட்டிவிட்டுச் சாணை பிடித்த கூரான விளிம்புகளும் உண்டு, மலிவான குடிகோப்பைகளில்.

வரிக் கிண்ணத்துக்கு இந்தப் படி மிக முக்கியம். வெளியே தடித்த வரிகள், குறுகிய விளிம்பு. ஐஸ்கிரீம் கிண்ணம் என்றே தோன்றும். அது ஊதியதல்ல. தட்டையான சூடான வட்டில் வரிகளை எழுப்பி, பிறகு கவிகை வடிவ அச்சின்மேல் போட்டுச் சூட்டில் சரியவிட்டுச் செய்திருக்க வேண்டும் என்று மார்க் டெய்லர், டேவிட் ஹில் என்ற பிரிட்டிஷ் கண்ணாடிக் கலைஞர்கள் செய்தே காட்டினார்கள். சான்று கிண்ணத்திலேயே இருக்கிறது. வெளிப்புற வரிகள் தீயின் பளபளப்போடு மழமழப்பாக இருக்கும். உட்பக்கமும் விளிம்பும் சாணையில் தேய்த்து மங்கலாக இருக்கும், பெரும்பாலும் சுற்றிலும் ஓரிரு கோடு இழைத்திருக்கும். இன்றைய ஐஸ்கிரீம் கிண்ணமோ இரும்பு அச்சில் அழுத்தி எடுத்தது, உட்புறமும் பளபளக்கும். வடிவம் ஒன்று, பிறந்த விதம் வேறு.

படி 5: எதற்குப் பயன்பட்டது என்று கேளுங்கள்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

சதுர பாட்டிலில் தொடங்குங்கள். முதல் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பேரரசின் மேற்குப் பகுதி முழுக்கக் கிடைப்பது. தட்டையான நான்கு பக்கம், குட்டைக் கழுத்து, தோளிலிருந்து கழுத்துக்கு ஏறும் அகலமான கைப்பிடி, அதன்மேல் நெருக்கமான நெடுவரிகள். எதற்குச் சதுரம்? பெட்டிக்குள் இடைவெளியில்லாமல் அடுக்கத்தான். கைப்பிடியும் பாட்டிலின் அகலத்தைத் தாண்டி வெளியே நீட்டாது. பதினேழாம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் ஜின் மதுவைப் பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்ற வேண்டி வந்தபோது அவர்களும் சதுர பாட்டிலுக்கே வந்து சேர்ந்தார்கள். ரோமானிய பாட்டிலைப் பார்த்துச் செய்ததாகச் சொல்ல ஒரு ஆதாரமும் தேவையில்லை, பெட்டியே வடிவத்தைச் சொல்லிக்கொடுத்துவிடும்.

அடுத்தது பறவைக் குப்பி. எனக்கு ரோமானியக் கண்ணாடியில் இதைவிடப் பிடித்தது எதுவுமில்லை. முதல் நூற்றாண்டில் வட இத்தாலியிலும் ஆல்ப்ஸ் அடிவாரத்திலும் புழங்கியது. மெல்லிய கண்ணாடியில் ஊதிய புறா அளவுக்கும் சிறிய பறவை, கூர்ந்த வால். உள்ளே ஒப்பனைப் பொடியைப் போட்டு, வால் முனையைத் தீயில் உருக்கி மூடிவிடுவார்கள். மூடி கிடையாது, தக்கை கிடையாது. வாங்கியவர் வாலை ஒடித்துத்தான் பொடியை எடுக்க வேண்டும். அருங்காட்சியகங்களில் பெரும்பாலான பறவைகள் வால் ஒடிந்தே நிற்பதற்குக் காரணம் இதுதான். அவை சேதமடைந்தவை அல்ல, பயன்படுத்தப்பட்டவை. சிலவற்றில் பொடி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது அந்த ஆம்பியூலை எடுங்கள். கழுத்தை உருக்கி மூடியிருக்கிறது, ஒடித்தால்தான் திறக்கும், திறந்தால் மறுபடி மூட முடியாது. உள்ளிருப்பதை யாரும் தொடவில்லை என்பதற்குக் கண்ணாடியே சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் ஊசி மருந்துக்காக இதைச் செய்தவர்கள் இத்தாலியப் பறவையை நினைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. தேவையும் பொருளின் இயல்பும் சேர்ந்து மீண்டும் அதே இடத்துக்குக் கொண்டுவந்தன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொதுக் குளியலகத்துக்கு எண்ணெய் கொண்டுபோகும் உருண்டைக் குப்பி, தோளில் இரண்டு சின்ன வளையங்கள், வெண்கலச் சங்கிலி கோத்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுக் கிழக்குப் பகுதியில் கண் மைக்கு இரட்டைக் குழல் குப்பி, கூடவே மை தீட்டும் குச்சி. முறுக்கிய கண்ணாடிக் கோல்கள், பானம் கலக்கும் குச்சி போலவே இருக்கும். அடி கூம்பிய கோப்பைகள், சில குடிக்க, சில எண்ணெய் ஊற்றித் தொங்கவிடும் விளக்காக. கண்ணாடியில் செய்த 20 முகப் பகடை ஒன்று 2003-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 17,925 டாலருக்குப் போனது. இன்று பலகை விளையாட்டுக்காரர்கள் கையில் இருக்கும் 20 முகப் பகடையின் அதே வடிவம், ஏனென்றால் இருபது சம முக்கோணங்களால் ஒழுங்கான திண்மம் ஒன்றுதான் வடிவியலில் உண்டு.

ஸ்பேயர் பாட்டிலையும் பார்த்துவிடுங்கள். ஜெர்மனியில் 1867-இல் ஒரு ரோமானியக் கல்லறையில் கிடைத்தது, நான்காம் நூற்றாண்டு, ஒன்றரை லிட்டர், டால்பின் வடிவக் கைப்பிடிகள். திறக்கப்படாமல் திரவத்தோடு எஞ்சிய மிகப் பழைய திராட்சை மது பாட்டிலாக அறியப்படுவது. மேலே மிதக்கவிட்ட ஆலிவ் எண்ணெயும் மெழுகும் காற்றைத் தடுத்துவிட்டன.

படி 6: எழுத்து இருந்தால் நின்று படியுங்கள்

இன்றைய லெபனானிலுள்ள சீதோனைச் சேர்ந்தவராகக் கருதப்படும் என்னியோன் என்ற கைவினைஞர், முதல் நூற்றாண்டில் தன் அச்சிலேயே கிரேக்கத்தில் பெயரைப் பொறித்தார்: "என்னியோன் செய்தது." சில பாத்திரங்களின் மறுபக்கம் வாங்குபவர் நினைவுகூரப்படட்டும் என்ற வாழ்த்தும் உண்டு. பெயர் அச்சில் இருப்பதால் ஊதும் ஒவ்வொரு கோப்பையிலும் தானாக விழும். வணிகமுத்திரை என்று இன்று நாம் சொல்வதன் வேலை முழுவதையும் அது செய்கிறது. வட பிரான்ஸ் பகுதியின் பீப்பாய் வடிவ பாட்டில்களின் அடியில் வரும் ஃப்ரோன்டினஸ் என்ற பெயரும் இந்த வகைதான்.

இன்னும் நெருக்கமாக வருவது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள கோல்செஸ்டர் கோப்பை. பச்சைக் கண்ணாடி, நேரான சுவர், உள்ளங்கையில் அடங்கும் அளவு. சுற்றிலும் நான்கு குதிரை பூட்டிய தேர்கள் ஓடுகின்றன. மேல் வரிசையில் தேரோட்டிகளின் பெயர்கள். ஹியராக்ஸ், ஒலிம்பே, அந்திலோகே மூவருக்கும் "போய்வா". நான்காமவனான க்ரெஸ்கெஸுக்கு மட்டும் "வாழ்க". ஜெயித்தவன் யார் என்பதை அவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டது. கிளாடியேட்டர்கள் பெயரோடு வந்த கோப்பைகளும் உண்டு. விளையாட்டு வீரர் படம் போட்ட கோப்பையை வாங்கும் ஆசை புதிதல்ல.

பயண நினைவுப் பொருளுக்கும் ஆள் இருந்தது. நேப்பிள்ஸ் பக்கத்திலுள்ள பாயே, புத்தேயோலி கரையோரக் காட்சிகளை இழைத்த குடுவைகள் மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் விற்றன. கார்னிங்கில் உள்ள பொப்புலோனியா குடுவையில் குளம், அரண்மனை, சிப்பி வளர்க்கும் இடம், துறைமுகத் தூண்கள் என ஒவ்வொன்றுக்கும் பெயரெழுதியிருக்கிறார்கள், வரைபடம் போல.

படி 7: மினுமினுப்பில் ஏமாறாதீர்கள்

பல ரோமானியக் குப்பிகளின்மேல் வானவில் நிறம் ஓடும். அதைச் செய்தவர் ஒருபோதும் பார்க்காத நிறம் அது. மண்ணுக்குள் ஈரம் கண்ணாடியிலிருந்து சோடியத்தைக் கரைத்துக்கொண்டே போக, மேற்பரப்பு தாள் தாளாகப் பிரிகிறது. அந்த மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது, சோப்புக் குமிழியில் போலவே நிறங்கள் தோன்றுகின்றன. ஆக இது கண்ணாடியின் சிதைவு.

மூன்றாவது வகை ஒற்றுமைக்கு, அதாவது நகலுக்கு, சிறந்த சான்று இங்கே இருக்கிறது. அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் லூயி கம்ஃபர்ட் டிஃபனி, புதையுண்ட பழங்கண்ணாடியின் இந்த மினுமினுப்பில் மயங்கி, உலோக உப்புகளின் உதவியால் அதைப் புதிய பூச்சாடிகளில் கொண்டுவந்தார். 1894-இல் ஃபாவ்ரில் என்ற பெயரைப் பதிவு செய்தார். ரோமானியர் விரும்பாத, அறியாத ஒன்றை ரோமானிய அழகு என்று நவீன உலகம் நகலெடுத்தது. இன்னொரு நகலுக்கு மூலம், போர்ட்லாந்து பூச்சாடி என்ற ரோமானியப் பாத்திரம். அடர் நீலத்தின்மேல் வெள்ளைக் கண்ணாடி போர்த்தி, வெள்ளையை மட்டும் செதுக்கி உருவம் எடுத்தது. ஆங்கிலேயப் பீங்கான் தயாரிப்பாளர் ஜோசயா வெட்ஜ்வுட் ஆண்டுக்கணக்கில் முயன்று 1790 வாக்கில் அதைப் பீங்கான் வகையொன்றில் நகலெடுத்தார். மூலத்தை 1845-இல் ஒருவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலேயே உடைத்துவிட்டார். இன்று நாம் பார்ப்பது ஒட்டவைத்தது.

கடைத்தெருவில் "ரோமானியக் கண்ணாடி" என்று விற்கும் பொருள்களில் மினுமினுப்பை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். அமிலமும் பூச்சும் அதைத் தந்துவிடும். மெய்யானதாகவே இருந்தாலும், எங்கே, எப்போது தோண்டப்பட்டது என்ற ஆவணம் இல்லாததை வாங்குவது கல்லறைக் கொள்ளைக்குப் பணம் கொடுப்பது. வாங்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

படி 8: ஒளியை மாற்றிப் பாருங்கள்

டார்ச் இதற்குத்தான். முன்னால் அடிக்கும் ஒளியில் ஒன்று, பின்னாலிருந்து வரும் ஒளியில் இன்னொன்று தெரியும். குமிழிகள், சுழல்கோடுகள், சுவரின் தடிப்பு எல்லாம் பின்னொளியில்தான் வெளிவரும். உருண்டு நின்ற குமிழி வார்ப்பைக் காட்டும், இழுபட்டு நீண்ட குமிழி ஊதி நீட்டியதைக் காட்டும்.

இந்தப் படியின் உச்சம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் லைகர்கஸ் கோப்பை, நான்காம் நூற்றாண்டு. முன்னொளியில் மங்கிய பச்சை, உள்ளிருந்து ஒளி விட்டால் ரத்தச் சிவப்பு. கண்ணாடியில் பத்து லட்சத்தில் சுமார் 40 பங்கு தங்கமும் சுமார் 300 பங்கு வெள்ளியும், 100 நானோமீட்டருக்கும் குறைந்த துகள்களாகப் பரவியிருக்கின்றன. அந்தத் துகள்கள் ஒளியை உறிஞ்சிச் சிதறடிக்கும் விதமே நிறம் மாறக் காரணம். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையிலும் கொரோனா விரைவுப் பரிசோதனையிலும் தோன்றும் சிவப்புக் கோடு பெரும்பாலும் நுண்ணிய தங்கத் துகள்களின் நிறம்தான். வடிவத்தில் துளியும் ஒற்றுமையில்லை. ஆனாலும் இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் ஒற்றுமைகளில் மிக ஆழமானது இதுவே.

படி 9: கலவையை ஒப்பிடுங்கள்

ரோமானியக் கண்ணாடியில் சுமார் 70 விழுக்காடு சிலிக்கா, 16 முதல் 18 சோடா, 7 அல்லது 8 சுண்ணாம்பு. இன்றைய பாட்டில் கண்ணாடியில் சுமார் 72, 13, 11. கிட்டத்தட்ட ஒரே பண்டம். தொடர்ச்சியாக வந்த மரபு என்று நினைக்கத் தோன்றும், அப்படியில்லை.

ரோமானியர்களின் சோடா, எகிப்தின் வாடி நட்ரூன் ஏரிகளில் கிடைத்த நேட்ரான் என்ற கனிமம். மணலுக்கு இன்றைய இஸ்ரேலின் அக்கோ அருகேயுள்ள பெலுஸ் ஆற்றின் முகத்துவாரம் புகழ்பெற்றது. சிப்பித்துகள் கலந்த மணல் என்பதால் சுண்ணாம்பும் கூடவே வந்துவிடும். ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் நேட்ரான் வரத்து முறிந்தது. மேற்காசியா தாவரச் சாம்பலுக்கு மாறியது, வட ஐரோப்பா மரச்சாம்பலுக்கு மாறியது. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் மிகுதி. பல நூற்றாண்டுக்காலம் ஐரோப்பியக் கண்ணாடியில் பெரும்பகுதி ரோமானியக் கண்ணாடியே அல்ல. லெப்ளாங், பிறகு சால்வே என்ற வேதியியலாளர்கள் உப்பிலிருந்து தொழிற்சாலையில் சோடா எடுக்க வழி கண்டபின்தான் பழைய கலவைக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தோம்.

மறுசுழற்சியும் புதிதல்ல. உடைந்த கண்ணாடிக்குப் பதிலாகக் கந்தகக் குச்சி கொடுத்துத் தெருத்தெருவாகத் திரிந்த வியாபாரியைக் கவிஞர் மார்ஷியல் குறிப்பிடுகிறார். இத்தாலியின் கிராதோ அருகே மூழ்கிய யூலியா ஃபெலிக்ஸ் என்ற ரோமானியக் கப்பலில் உடைந்த கண்ணாடி நிரப்பிய மரப்பீப்பாயே கிடைத்தது. உலையில் உடைசல் சேர்த்தால் கலவை சீக்கிரம் உருகும், விறகு மிச்சம். இன்றைய ஆலைகள் பழைய பாட்டில் வாங்குவதும் இந்தக் கணக்கில்தான்.

படி 10: நம் கரையில் கிடைத்த துண்டில் பயிற்சி செய்யுங்கள்

முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட கடல்வணிகக் கையேடான பெரிப்ளஸ், முசிறிக்கு வந்த சரக்குகளில் செம்பு, தகரம், ஈயத்தோடு வார்க்காத கண்ணாடிக் கட்டியையும் சேர்க்கிறது. செய்து முடித்த பாத்திரங்களும் வந்தன. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானியக் கிண்ணத் துண்டுகள் கிடைத்தன, வரிக் கிண்ண வகை உட்பட. கேரளத்தின் பட்டணம் அகழாய்விலும் அந்த வகை கிடைத்திருக்கிறது.

ஆனால் அரிக்கமேட்டில் கண்ணாடி மணிகளை உள்ளூரிலேயே ஏராளமாகச் செய்தார்கள். ஆகவே அங்கே கண்ணாடி என்றாலே ரோமிலிருந்து வந்தது என்று எண்ணிவிடக் கூடாது. நீட்டிய குழலை நறுக்கிச் செய்த சிறு மணிகள் உள்ளூர் வேலை. கையகலத் துண்டு ஒன்றில் வெளியே தீயின் பளபளப்போடு தடித்த வரியும், உள்ளே சாணை பிடித்த மங்கலும், விளிம்புக்குக் கீழே இழைத்த கோடும் சேர்ந்திருந்தால் அது வரிக் கிண்ணம். அருங்காட்சியகக் குறிப்புகளில் "இசிங்ஸ் 3" என்று தேடினால் அதன் உடன்பிறப்புகள் வரிசையாக வரும். நெதர்லாந்து அறிஞர் க்ளாசினா இசிங்ஸ் 1957-இல் வகுத்த எண் அது. சதுர பாட்டில் 50, குளியல் எண்ணெய்க் குப்பி 61, பறவைக் குப்பி 11.